வாசல் காத்த தீவு

பெயர் வைப்பது சுலபம். வைத்த பெயரை எடுப்பதுதான் கஷ்டம். சின்ன வயசில் யாரோ ஒரு மாமா, கையைக் கடித்துவிட்டான் என்று கோபித்துக்கொண்டு, "முரட்டுப் பயல்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பையன் வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு, பேரன் பேத்திகளோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பான். அப்போதும் சொந்தக்காரர்களுக்கு அவன் முரடன்தான். அன்றைக்கு அவன் ஏன் கடித்தான் என்று யாரும் விசாரிப்பதில்லை.

மனிதர்களுக்கு நேர்வது சில சமயம் ஊர்களுக்கும் நேர்ந்துவிடுகிறது. பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே ஒரு சிறு தீவு இருக்கிறது. அதன் பெயர் நியுவே. 1774-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒருவர் அங்கே வந்தார். அவர் கரையில் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு பகல் பொழுது தேறாது. போகும்போது "காட்டுமிராண்டித் தீவு" என்று ஒரு பெயரை வைத்துவிட்டுப் போனார். நூறு வருஷங்களுக்கு மேல் உலகத்தின் தேசப் படங்களில் அந்தப் பெயர்தான் அச்சாகிக்கொண்டிருந்தது.

வந்தவர் சாமானியர் அல்ல. காப்டன் ஜேம்ஸ் குக். கடலோடிகளில் அவருக்கு நிகரானவர்கள் வெகு சிலர். நியாய புத்தி உள்ளவர் என்றும் பெயரெடுத்தவர். அப்படிப்பட்டவரே இப்படி ஒரு பெயரை வைத்தார் என்றால் அந்தத் தீவு ஜனங்கள் அவரை என்னதான் செய்தார்கள்? ஏன் செய்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளில் முதல் கேள்விக்குப் பதில் அவருடைய நாட்குறிப்பிலேயே இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் சில பத்து வருஷங்கள் ஆயின.

கதைக்குப் போகும் முன், தீவைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

நியுவேக்குப் போவது இன்றைக்கும் எல்லோருக்கும் வாய்க்கிற காரியம் அல்ல. நியூஸிலாந்திலுள்ள ஆக்லந்து நகரத்திலிருந்து சுமார் 1,500 மைல். வாரத்தில் ஓரிரு தடவைதான் விமானம். மூன்றரை மணி நேரப் பிரயாணம். நடுவிலே சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்ட வேண்டியிருப்பதால், சனிக்கிழமை காலையில் புறப்பட்டவர் வெள்ளிக்கிழமை போய் இறங்குவார்! வாழ்க்கையில் ஒரு நாளைத் திருப்பி வாங்க வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

இருந்தும், தாஹிட்டிக்கும் ஹவாய்க்கும் படை படையாகப் போகிற உல்லாசப் பிரயாணிகள் இந்தப் பக்கம் அதிகமாகத் திரும்புவதில்லை. சினிமாப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய தென்கடல் தீவின் லட்சணங்கள் நியுவேயில் இல்லை. நீண்டு கிடக்கும் வெண்மணல் கரை இல்லை. குளம் போல அமைதியாகக் கிடக்கும் பச்சை நிற உள்கடல் இல்லை. மலை இல்லை. ஆறு இல்லை, ஓர் ஓடைகூட இல்லை.

இருப்பது பாறைதான். ஆதியில் அது ஒரு பவளத் தீவு. மற்றப் பவளத் தீவுகளைப் போல் வளையமாகத் தண்ணீர் மட்டத்தில் கிடந்தது. பூமிக்கு அடியில் நடந்த ஏதோ ஒரு புரட்டலில், தட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்ததுபோல், தீவு முழுவதும் மேலே எழும்பிவிட்டது. உள்கடல் வற்றி நிலமாயிற்று. பவளம் சுண்ணாம்புப் பாறையாக இறுகிற்று. சுமார் 100 சதுர மைல் பரப்புள்ள அந்தப் பாறையைச் சுற்றிலும் செங்குத்தான சுவர். பல இடங்களில் அறுபது எழுபது அடி உயரம், அதற்கு மேலும் உண்டு. அந்தச் சுவரைக் கடல் யுகயுகமாக மோதிக் குடைந்து, குகைகளும் வளைவுகளும் ஆழமான வெடிப்புகளுமாகச் செய்து வைத்திருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் நிலத்தின்மேல் நிற்பதில்லை. பாறையின் துவாரங்கள் வழியே இறங்கிவிடுகிறது. பாறைக்குப் பாறை நடுவே கையகலம் மண் இருக்கும் இடத்தைத் தேடி அங்கே ஒரு சேப்பங்கிழங்கை ஊன்றிப் பிழைக்கிறார்கள் ஜனங்கள். கடலுக்குப் போக வேண்டுமானால், ஒவ்வொரு கிராமத்துக்கும் பாறையில் இறங்கும் ஒரு தடம் உண்டு. தோளில் ஓடத்தைச் சுமந்துகொண்டு அதில் இறங்க வேண்டும்.

துறைமுகம் என்று சொல்லத்தக்கது இன்றுவரை அங்கே இல்லை. தலைநகரான அலோஃபியில் ஒரு சிறு படகுத் துறை இருக்கிறது. சரக்குக் கப்பல் கடலிலேயே நிற்கும். சாமான்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். மீன் பிடிக்கிறவர்கள் தங்கள் படகைக் கட்டிப் போட இடமில்லாமல், பாரந்தூக்கியால் அப்படியே தூக்கிக் கரையில் வைத்துவிடுகிறார்கள்.

சுருங்கச் சொன்னால் சுற்றிலும் மதில் உண்டு, வாசல் கிடையாது. இப்படி ஒரு வீட்டில் ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே குடியேறினவர்கள் நியுவே மக்களின் முன்னோர்கள். சமோவாவிலிருந்தும் டாங்காவிலிருந்தும் ஓடங்களில் வந்தவர்கள். "நியு" என்றால் அவர்கள் பாஷையில் தென்னை. "இதோ, தென்னை!" என்பதுதான் நியுவே என்ற பெயருக்கு அர்த்தம் என்று சொல்கிறார்கள். நாள்கணக்காகத் தண்ணீரைத் தவிர வேறொன்றையும் காணாமல் துடுப்புப் போட்டு வந்தவன், தூரத்தில் ஒரு தென்னங்கீற்று ஆடுவதைப் பார்த்ததும் கத்தியிருப்பான் அல்லவா? அந்தச் சந்தோஷம்தான் தீவின் உண்மையான பெயர்.

இனி, வந்த விருந்தாளிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

குக் வந்தபோது அவரோடு "ரெஸொல்யூஷன்" கப்பலில் இயற்கை நூல் வல்லவர்களும் இருந்தார்கள். ஃபார்ஸ்டர் என்ற ஜெர்மானியரும் அவர் மகனும். ஸ்பார்மன் என்ற ஸ்வீடன் தேசத்தவர் ஒருவர். படகை இறக்கிக் கரைக்குப் போனார்கள். சமாதானமாக வருகிறோம் என்று சைகை காட்டினார்கள். காட்டுக்குள்ளிருந்து வந்த பதில், கல். ஒரு கல் ஸ்பார்மனின் கையில் பட்டது. படகில் வந்தவர்களில் சிலர் உத்தரவுக்குக் காத்திராமல் துப்பாக்கியைச் சுட்டார்கள். தீவார் மறைந்தார்கள்.

குக் விடவில்லை. கரையோரமாகப் போய் வேறோரிடத்தில் இறங்கினார். அங்கே பாறை வெடிப்பில் நாலு ஓடங்கள் இழுத்து வைக்கப்பட்டிருந்தன. மனிதர் யாரும் இல்லை. நல்லெண்ணத்துக்கு அடையாளமாக அந்த ஓடங்களில் ஆணி, பதக்கம் முதலிய சாமான்களை வைத்தார். அவ்வளவுதான். மறைந்திருந்தவர்கள் ஈட்டியோடு பாய்ந்து வந்தார்கள். ஓர் ஈட்டி குக்கின் தோளுக்கு மேலே உராய்ந்தாற்போல் போயிற்று. எறிந்தவன் ஐந்து அடி எடுத்து வைக்கிற தூரத்தில்கூட இல்லை. குக் துப்பாக்கியை நீட்டி விசையை இழுத்தார். அது வெடிக்கவில்லை. அன்றைக்கு அது வெடித்திருந்தால் எதிரே நின்றவன் பிழைத்திருக்க மாட்டான். வெடிக்காமல் போனதே நல்லதாயிற்று என்று பின்னால் சந்தோஷப்பட்டதாகக் குக் தாமே எழுதியிருக்கிறார். மனிதர் நல்லவர்தான் என்பதற்கு இந்த ஒரு வரி போதும். ஆனாலும் பெயர் வைக்கும்போது அவருக்குத் தோன்றியது, எறியப்பட்ட ஈட்டி மட்டுமே.

தீவாரின் வாயெல்லாம் சிவந்திருந்தது, வந்தவர்கள் அதை ரத்தம் என்று எண்ணிப் பயந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அது ஒருவகைச் சிவப்பு வாழையின் சாறு என்பது நியுவே மக்கள் சொல்கிற விளக்கம். வெற்றிலை போட்டவனைக் கண்டு ரத்தம் கக்குகிறான் என்று அலறினால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இந்த இடத்தில் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். நியுவேக்கு மேற்கே உள்ள டாங்காத் தீவுகளில் குக்குக்குப் பிரமாதமான வரவேற்புக் கிடைத்தது. பன்றியும் பழமும் கிழங்கும் கொண்டுவந்து குவித்தார்கள். மனம் குளிர்ந்துபோய் அவற்றுக்கு "நேசத் தீவுகள்" என்று பெயர் வைத்தார். 1777-ல் மூன்றாம் முறையாக அங்கே போனபோது விருந்து, குஸ்தி, நடனம் என்று தடபுடல்தான். பிற்பாடு 1806-ல் டாங்காவில் சிறைப்பட்டு நாலு வருஷம் அங்கேயே வாழ்ந்த வில்லியம் மாரினர் என்ற ஆங்கிலேய வாலிபன் ஒரு சமாசாரத்தைக் கேட்டறிந்து வந்து சொன்னான். அவன் சொன்னவை 1817-ல் புத்தகமாக வந்தன. அந்தத் தடபுடலான விருந்திலேயே குக்கைக் கொன்றுவிடுவதாகத் தலைவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்களாம். பகலில் கொல்வதா, இரவில் கொல்வதா என்று அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் வந்ததால் காரியம் நின்றுவிட்டதாம்!

சிரித்துக்கொண்டே வரவேற்றவன் நேசன். "வராதே" என்று முகத்துக்கு நேரே சொன்னவன் காட்டுமிராண்டி. நாம் தினம் தினம் செய்கிற தப்புத்தான் இது. காப்டன் குக் அதைத் தேசப் படத்தில் செய்துவிட்டார்.

சரி, ஏன் வராதே என்றார்கள்?

ஜார்ஜ் டர்னர் என்ற பாதிரியார் சமோவாவில் வெகுகாலம் இருந்தவர். தம்முடைய பத்தொன்பது வருஷ அனுபவங்களை 1861-ல் ஒரு பெரிய புத்தகமாக வெளியிட்டார். அதில் நியுவேயைப் பற்றி அவர் விசாரித்து எழுதிய விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வெளியிலிருந்து யார் வந்தாலும் தீவார் உயிரோடு விடமாட்டார்களாம். காற்றில் அடித்துக்கொண்டு வந்த டாங்காக்காரனானாலும் சரி, சமோவாக்காரனானாலும் சரி. ஏன், சொந்தத் தீவுக்காரனே ஒரு கப்பலேறிப் போய்விட்டுத் திரும்பி வந்தாலும் அவனுக்கும் அதே கதிதான். காரணம் பகை இல்லை, கொள்ளை ஆசை இல்லை. வியாதி. வெளியூரான் வியாதியைக் கொண்டுவருவான் என்ற பயம். பிற்காலத்தில் துணிந்து கப்பலண்டை போய்ப் பண்டமாற்றுச் செய்யத் தொடங்கிய பிறகும், வாங்கிய சாமானை உடனே வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். ஊருக்கு வெளியே காட்டிலே தொங்கவிட்டு, வாரக்கணக்கில் காற்றாட வைத்த பிறகே எடுத்து உபயோகிப்பார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு அந்த நாலு ஓடங்கள்தான் கண்முன் நின்றன. குக் நல்லெண்ணத்தோடு வைத்த ஆணிகளும் பதக்கங்களும். அவற்றைப் பார்த்ததும் அவர்கள் பாய்ந்து வந்தது கொள்ளையடிக்கவா, அல்லது "எங்கள் ஓடத்தைத் தொடாதே" என்று பதறியா? குக்கின் பக்கத்தில் காகிதமும் பேனாவும் இருந்தன. ஈட்டி எறிந்தவனிடம் இல்லை. சரித்திரத்தில் பாதி வழக்குகள் இப்படி ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பானவையே.

பயம் வீண் பயம் அல்ல என்பதற்கு அடுத்த விருந்தாளியே சாட்சி. 1830-ல் ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் வந்தார். தம்முடன் அழைத்து வந்த போதகர்களை அங்கே இறக்கிவிட நினைத்தார். தீவைப் பார்த்ததும் அவர்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகத் தீவு வாலிபர்கள் இரண்டு பேரைக் கப்பலில் கூட்டிக்கொண்டு கிளம்பினார். தரை பின்னால் போவதைப் பார்த்ததும் அந்த இரண்டு பிள்ளைகளும் தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு அலறின அலறலைப் பாதிரியாரே எழுதி வைத்திருக்கிறார். சோறு தண்ணீர் இல்லை, தூக்கம் இல்லை. இறைச்சியை நீட்டினால் அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்ன விஷயம் என்று பார்த்தால், கப்பலில் சமைப்பது மனித மாமிசம் என்றும், இருப்பு தீர்ந்ததும் தங்களைத்தான் அறுப்பார்கள் என்றும் அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்! மேல்தட்டில் ஒரு பன்றியைக் கொண்டுவந்து அவர்கள் கண்ணெதிரே கொன்று காட்டிய பிறகுதான் கொஞ்சம் தெளிந்தார்களாம். பன்றியை அவர்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. யாரை யார் காட்டுமிராண்டி என்று நினைத்தார்கள் பாருங்கள்.

பிற்பாடு அவர்கள் தீவுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடப்பட்டார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே தீவில் விஷ ஜுரம் பரவியதாகப் பின்னால் எழுதியவர்கள் சொல்கிறார்கள். வாசலைச் சாத்தியது சரிதான் என்று தீவார் இன்னும் உறுதியாக நம்பியிருப்பார்கள்.

அந்த வாசலைத் திறந்தவன் வெள்ளைக்காரன் அல்ல, சொந்தத் தீவுக்காரன். நுகாய் பெனியாமினா என்று பெயர். சமோவாவுக்குப் போய்ப் பாதிரிமாரிடம் படித்துக் கிறிஸ்தவனானவன். 1846-ல் திரும்பி வந்து, தீவின் வடபாகத்தில் முதலாவூ என்ற கிராமத்தின் கரையில் இறங்கினான். ஜனங்கள் ஆயுதத்தோடு சூழ்ந்துகொண்டார்கள். கையில் அவன் ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தான். அந்நிய மரத்தால் செய்த பெட்டி வியாதியைக் கொண்டுவரும், உடனே கப்பலுக்குத் திருப்பி அனுப்பு என்றார்கள். "மரத்தைத் தொட்டுப் பாருங்கள். நம் காட்டில் வளர்கிற மரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?" என்ற மாதிரி அவன் வாதாடினான் என்று டர்னர் எழுதுகிறார். மதப் பிரசங்கம் அப்புறந்தான். முதல் பிரசங்கம் ஒரு மரப்பெட்டியைப் பற்றியது. கொல்ல வேண்டும் என்றவர்கள் கொல்லவில்லை. அவன் பிழைத்தான். 1849-ல் சமோவாவிலிருந்து பாவுலோ என்ற போதகர் வந்தார். 1861-ல் லாஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குடும்பத்தோடு வந்து குடியேறினார். வருகிறவனை அடிக்காதே, அன்போடு நடத்து என்ற பாடத்தைத் தீவு கற்றுக்கொண்டது.

கற்றுக்கொண்ட பாடத்துக்குப் பரீட்சை உடனே வந்தது.

பெரு தேசத்தில் 1854-ல் அடிமை முறையை ஒழித்திருந்தார்கள். தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1862-ல், பசிபிக் தீவுகளிலிருந்து கூலிகளைக் கொண்டுவர அனுமதி கொடுத்தார்கள். பெயர் ஒப்பந்தக் கூலி. நடந்தது ஆள் பிடிப்பு. ஒரு வருஷத்துக்குள் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாலினேஷியர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கப்பல்கள் நியுவேக்கும் வந்தன. கல் எறிய யாரும் இல்லை. கிழங்கும் தேங்காயும் விற்கலாம் என்று ஓடங்களில் கப்பலண்டை போனார்கள், மேலே ஏறினார்கள், கப்பல் பாயை விரித்துவிட்டது. அப்படிப் போனவர்கள் சுமார் நூறு பேர். உலகம் எதிர்த்துக் கூச்சல் போட்டதால் 1863-ல் பெரு சர்க்கார் அந்த வியாபாரத்தை நிறுத்திற்று. அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் அம்மையாலும் வயிற்றுக் கடுப்பாலும் ஏக்கத்தாலும் மாண்டுபோனார்கள். திரும்பினவர்கள் வெகு சிலர்.

"வராதே" என்று சொன்ன காலத்தில் கிடைத்த பட்டம் காட்டுமிராண்டி. "வாருங்கள்" என்று சொன்ன காலத்தில் கிடைத்தது இது.

தனியாக நிற்க முடியாது என்று தீவின் ராஜாக்களுக்குத் தோன்றிவிட்டது. 1887-ல் ஃபதாஆய்க்கி என்ற தலைவர், தங்களைப் பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளும்படி விக்டோரியா மகாராணிக்கு எழுதினார். ராணியின் சர்க்கார் ஆற அமர யோசித்து, 1900-ல் பாதுகாப்புக் கொடுத்தது. மறு வருஷமே, 1901-ல், தீவை நியூஸிலாந்தோடு சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம் முதல் மகாயுத்தம். நாலாயிரம் ஜனங்கள் உள்ள தீவிலிருந்து சுமார் 150 வாலிபர்கள் சேர்ந்தார்கள். பெரும்பாலோருக்கு இங்கிலீஷ் தெரியாது. பவளப் பாறையில் வெறுங்காலோடு நடந்து பழகிய பாதங்களை ராணுவப் பூட்ஸுக்குள் திணித்தார்கள். 1916-ல் எகிப்துக்கும், அங்கிருந்து பிரான்ஸுக்கும் அனுப்பினார்கள். ஐரோப்பாவின் குளிரும் வியாதிகளும் அந்த உடம்புகளுக்குப் புதிது. பீரங்கிக்குப் பலியானதைவிட நோயில் விழுந்தவர்களே அதிகம். படையில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்கள். மே மாதக் கடைசியிலேயே அவர்களைப் போர்முனையிலிருந்து விலக்கி ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. பாட்டன்மார்கள் எதற்குப் பயந்து ஈட்டியைத் தூக்கினார்களோ, அதைப் பேரன்மார்கள் தேடிப் போய்ச் சந்தித்தார்கள்.

அந்தப் பயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இரண்டு வருஷம் கழித்துப் பக்கத்துத் தீவுகள் உலகுக்குக் காட்டின. 1918 நவம்பரில் "டலூன்" என்ற கப்பல் ஆக்லந்திலிருந்து விஷ ஜுர நோயாளிகளோடு மேற்குச் சமோவாவுக்கு வந்தது. நியூஸிலாந்து அதிகாரிகள் அதைத் தடுக்கவில்லை. சுமார் 8,500 பேர் செத்தார்கள். ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கூப்பிடு தூரத்தில் இருந்த அமெரிக்கச் சமோவாவில் அதிகாரி வாசலை இறுக்கிச் சாத்தினார். ஒரு கப்பலையும் கரையண்ட விடவில்லை. அங்கே அந்த ஜுரத்தால் ஒருவர்கூட இறக்கவில்லை. அமெரிக்க அதிகாரி செய்ததும் நியுவே மக்கள் செய்ததும் ஒன்றே. அவர் செய்தபோது அதற்குப் பெயர் சுகாதார நடவடிக்கை.

இதுவரையில் வெளியிலிருந்து வந்த ஆபத்துகளைச் சொன்னேன். கதையின் கடைசிப் பகுதி வேறு மாதிரி. இதில் திருடன் இல்லை, துப்பாக்கி இல்லை. அதனால்தான் மனசை அதிகமாகச் சங்கடப்படுத்துகிறது.

1949 முதல் நியுவே மக்கள் நியூஸிலாந்துப் பிரஜைகள். 1959-லும் 1960-லும் அடுத்தடுத்து அடித்த புயல்களில் வீடுகள் போயின. சர்க்கார் காங்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுத்தது. 1966-ல் ஜனத்தொகை ஐயாயிரத்துக்கு மேல், அதுதான் உச்சம். பிறகு, பாறையைச் செப்பனிட்டு விமான நிலையம் போட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் விமானம் வர ஆரம்பித்தது. ஆயிரம் வருஷமாகத் தீவுக்கு இல்லாதிருந்த வாசல் கடைசியில் ஆகாயத்தில் திறந்தது.

திறந்த வாசல் வழியே வந்தவர்களைக் காட்டிலும் போனவர்களே அதிகம். ஆக்லந்தில் தொழிற்சாலை வேலை இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. ஒருவர் போய் இடம் பிடித்தார், தம்பியைக் கூப்பிட்டார், தம்பி பெற்றோரைக் கூப்பிட்டான். 1974 அக்டோபர் 19-ஆம் தேதி நியுவே சுயாட்சி பெற்றது. ராபர்ட் ரெக்ஸ் முதல் பிரதமரானார். நியூஸிலாந்துப் பிரஜா உரிமை அப்படியே தொடரும் என்று ஏற்பாடு. கொடி ஏறியது; ஜனங்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். 2004 ஜனவரியில் "ஹெட்டா" புயல் வந்தபோது அலைகள் அந்த உயரமான பாறைச் சுவரையே தாண்டி அலோஃபிக்குள் புகுந்தன. ஆஸ்பத்திரி போயிற்று. பழம்பொருள்களைச் சேர்த்து வைத்திருந்த காட்சிசாலையும் போயிற்று. இன்று தீவில் இருப்பவர்கள் 1,700 பேருக்கு மேல் இல்லை. நியூஸிலாந்தில் இருக்கும் நியுவே மக்கள் 30,000-க்கு மேல். அவர்களிலும் பெரும்பாலோர் அங்கேயே பிறந்தவர்கள். தாத்தாவின் பாஷை காதில் விழுந்தால் புரிந்துகொள்வது வேறு, வாய் திறந்து பேசுவது வேறு அல்லவா?

தீவைச் சுற்றி வருகிற சுமார் நாற்பது மைல் சாலையில் போனால், வழியெல்லாம் கூரையில்லாத வீடுகள். புயலுக்கு அசையாது என்று கட்டிய காங்கிரீட் வீடுகள்தாம். சுவர்கள் நிற்கின்றன. உள்ளே மரம் முளைத்திருக்கிறது. வீட்டு வாசலிலேயே முன்னோர்களின் சமாதி. வீட்டை விற்கமாட்டார்கள். நிலம் குடும்பத்துக்குச் சொந்தம்; என்றைக்காவது யாராவது திரும்பி வருவார்கள்.

பெரு கப்பல்கள் நூறு பேரைக் கொண்டுபோனதற்கு உலகம் கண்ணீர் விட்டது. டிக்கெட் வாங்கிக்கொண்டு தாமாகவே போன ஆயிரக்கணக்கானவர்களுக்காக யார் அழ முடியும்? அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்று நினைப்பது குற்றமா? ஒரு வாசலுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று இரண்டு உண்டு. வெளிப்பக்கத்தைக் கல்லாலும் ஈட்டியாலும் காத்துவிடலாம். உள்பக்கத்தைக் காக்க ஆயுதம் எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். 2020-ல் உலகத்துக்கு வந்த தொற்று நோய் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கடையிலிருந்து வந்த சாமானை வாசற்படியிலேயே வைத்து, ஒரு நாள் காய விட்டு, அப்புறம் உள்ளே எடுத்தோமே! சொந்தப் பிள்ளை வெளியூரிலிருந்து வந்தாலும் எட்ட நில் என்றோமே! அப்போது நம்மை யாரும் காட்டுமிராண்டி என்று சொல்லவில்லை. நியுவே அந்த வருஷம் தன் பழைய வழக்கத்துக்கே திரும்பிற்று. விமான வாசலைச் சாத்தியது. வந்த சிலரையும் தனியே வைத்துப் பார்த்தது. 2022 மார்ச்சில்தான் அங்கே முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். அவரும் பிரயாணியாக வந்தவர். அந்த ஜூன் மாதம் வாசலை மறுபடி திறந்தார்கள்.

திறந்ததும் வந்தவர்களில் விருந்தாளிகள் மட்டும் அல்ல, வீட்டுக்காரர்களும் உண்டு. நியுவேயில் பையன்களுக்குத் தலைமுடியை வெட்டாமல் நீளமாக வளர்ப்பார்கள். வயசு வந்ததும் ஒரு நாள் பார்த்து, உற்றார் உறவினரெல்லாம் கூடி, ஆளுக்கு ஒரு கற்றையாக வெட்டிக் கையில் பணம் வைப்பார்கள். பெண் குழந்தைகளுக்குக் காது குத்துக் கல்யாணம். இதற்கெல்லாம் பன்றியும் சேப்பங்கிழங்கும் மலை மலையாகக் குவித்து விருந்து. ஆக்லந்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையை, இந்தச் சடங்குக்கென்று பாட்டன் ஊருக்கு அழைத்து வருகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

விமானம் தாழ்ந்து வரும்போது அந்தப் பையன் ஜன்னல் வழியே பார்ப்பான். கண்ணுக்கெட்டிய மட்டும் நீலம். திடீரென்று ஒரு பாறைச் சுவர். அதன்மேல் வரிசையாகக் கீற்றுகள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குப் பாதி புரியும் பாஷையில், அதைத்தான் சொல்வாள்: "இதோ, தென்னை!"

அதற்கு மேல் அந்தத் தீவுக்கு இன்னொரு பெயர் எதற்கு?